டாக்கியில் பேசியது யார்

துரைக்கு எல்லாப் படமும் டாக்கிதான். ஊரே படம், சினிமா என்று சொன்னாலும் அவர் "டாக்கிக்குப் போலாமா" என்றுதான் கேட்பார். வேடிக்கை என்னவென்றால், அந்த டாக்கி பேசுகிற ஒரு வார்த்தையும் அவருக்குக் கேட்காது. தங்கச் சுரங்கம் மூடும்வரை இருபத்திரண்டு வருஷம் பூமிக்கடியில் பாறையில் டிரில் பிடித்தவர்; காது அங்கேயே போய்விட்டது. தியேட்டரில் மனைவி குணசுந்தரி கையைக் குவித்து, அவர் இடது காதில் வாயை வைத்துச் சொன்னால்தான் அவருக்குக் கதை.

வீட்டில் அது நடக்குமா? பிள்ளைகள் முன்னால் புருஷன் காதில் வாய் வைக்க வெட்கம். கத்தினாலோ மாரிகுப்பத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு பத்துக்கும் கேட்கும். அதனால் வீட்டுப் பேச்செல்லாம் அரிசி, தண்ணீர், சிலிண்டரோடு நின்றுபோனது.

பெங்களூருக்குத் தினம் ரயிலில் போய்வரும் மகள் ஷோபா, போன ஞாயிற்றுக்கிழமை அவர் வலது காதில் காது கேட்கிற மிஷின் மாட்டிவிட்டாள். அன்றைக்கே மூவரும் ராபர்ட்சன்பேட்டைக்கு மேட்னி பார்க்கக் கிளம்பினார்கள்.

"ஆமா, அதுக்கு டாக்கின்னு எப்டி பேர் வந்துச்சு?" என்று பஸ்ஸில் கேட்டார் துரை.

"டாக்குன்னா பேச்சுப்பா. மொதல்ல படம் ஊமையா இருந்துச்சாம். பக்கத்துல ஒரு ஆள் நின்னுகினு கதைய சொல்லுவானாம். அப்பறம் படமே பேச ஆரம்பிச்சுது. அதான் டாக்கி."

"அந்த ஆளு படத்துல இருக்கறதத்தான் சொன்னானா?"

"யாருக்குப்பா தெரியும்? அவன் சொன்னதுதான் கதை."

குணசுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படம் கன்னடம். ஷிப்டு ஆட்களிடம் கற்ற கன்னடம் துரைக்கு நன்றாகவே புரியும். திரையில் கதாநாயகன் வெளியே கிளம்ப, கார் சாவியை மறந்துவிட்டாயே என்றாள் அவன் மனைவி. அதே நேரம், பழக்க தோஷம், குணசுந்தரியின் வாய் இடது காதுக்கு வந்தது.

"'நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேனே, டாக்டர் இன்னா சொன்னாருன்னு கேட்டீங்களா'ங்கறா."

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிஷினைக் கழற்றித் துடைத்து மாட்டி, மகள் பக்கம் திரும்பினார். "இன்னாமா இது? அவ சாவின்னுதான சொன்னா?"

"சாவின்னுதான்ப்பா சொன்னா. பேசாம பாரு," என்றாள் ஷோபா.

அவருக்குப் பழைய படமெல்லாம் ஒவ்வொன்றாக மண்டையில் ஓடியது. போலீஸ் அதிகாரியின் பெண்டாட்டி, என் அம்மா செத்த அன்னிக்கும் நைட் ஷிப்டுக்குப் போனீங்களே என்று அழுதாளே. போலீஸ்காரன் எந்தச் சுரங்க ஷாஃப்டில் இறங்கினான்? பங்களாவில் இருந்த பணக்காரி, குழாயடியில் தனியாகச் சண்டை போட்டு அலுத்துப்போச்சு என்றாளே. அந்தப் பொம்பளைகளுக்காக இவர் எத்தனை முறை பரிந்து பேசியிருப்பார்! "அந்த ஆளு சரியான மடையன்" என்று இவர் திட்டும்போதெல்லாம் குணசுந்தரி வீடு திரும்பும் வழிநெடுக விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வருவாள். இருபது வருஷமாக என்னதான் பார்த்தோம் என்றே அவருக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது.

"குணா, இத்தினி நாளா பேசினது யாரு?"

அவள் மறுபடியும் கையைக் குவித்து இடது காதருகே வந்தாள்.

"'உங்களுக்குத்தான் காது வந்துடுச்சே, இனிமே நான் யார் வாயால பேசறது'ன்னு கேக்கறா."

துரை நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அங்கே ஆறேழு ஆண்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். பொம்பளை யாரும் இல்லை.