சக்கரத்துக்குச் செருப்பு

டோரதி டீச்சரின் கணவர் ஹென்றிக்குப் பொருள்களின் மேல் அப்படி ஒரு பாசம். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி உறை, அந்த உறை அழுக்காகிவிடக் கூடாதே என்று அதன் மேல் இன்னொரு உறை. ஆனால் சாந்தோம் சந்து முழுக்க அவர் பேரைச் சொல்லிச் சிரித்தது நீலப் பெட்டிக்காகத்தான்.

அவர்கள் பிள்ளைகள் ரொனால்டும் ரெனிட்டாவும் சின்னவர்களாக இருந்தபோது தி. நகரில் வாங்கியது. சக்கரம் வைத்த பெட்டி அப்போது புதுசு. கடைக்காரர் தரையில் உருட்டிக் காட்டினார். பிள்ளைகளும் ஆளுக்கொரு தடவை உருட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். கடையைவிட்டு வெளியே வந்ததும் ஹென்றி அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"ரோட்ல இழுத்தா சக்கரம் தேஞ்சிடும்."

அட ஆண்டவரே! தேயக் கூடாதென்றால் சக்கரமே இல்லாத பெட்டியை வாங்கியிருக்கலாமே, மனுஷா!

அன்றிலிருந்து எல்லாப் பயணமும் அப்படித்தான். வேளாங்கண்ணியோ, ஊட்டியோ, பெட்டி அவர் தோளில். எழும்பூர் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர், "இன்னா சார், சக்கரம் சும்மா ஷோவுக்கா?" என்று கேட்டே விட்டார். ஹென்றி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியோடு விறுவிறுவென்று முன்னால் போவார். ஆளுக்கொரு கையாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு டோரதி பின்னால் ஓடுவாள். வெட்கமாக இருக்கும், எரிச்சலாகவும் வரும். இப்போது அந்த நாட்களை நினைத்தால் மனசு ஏங்கியது. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் தலைகளுக்கு மேலே அந்த நீலம் தெரியும். அது தெரிகிறவரை யாரும் தொலைந்துபோக மாட்டோம் என்று அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது.

போன மாதம் ஹென்றிக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. அரிசிப் பையைக்கூடத் தூக்கக் கூடாது, தூக்கினால் தையல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெங்களூரில் ரொனால்டின் மகள் ஜெசிகாவுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் விழா. தாத்தா வராமல் பேத்தி நற்கருணை வாங்க மாட்டாளாம். டாக்டரும் ஒருவழியாகப் போய்வரச் சொன்னார். நீலப் பெட்டிதான் வர வேண்டும் என்று ஹென்றி ஒற்றைக் காலில் நின்றார். சந்துக்குள் கார் வராது, மெயின் ரோடு வரை நடந்தாக வேண்டும். இவர் உருட்டவும் மாட்டார், இன்னொருத்தர் தூக்கவும் விட மாட்டார்.

டோரதி சந்து முனையில் வாஜித்தின் சைக்கிள் கடைக்குப் போனாள். அவளிடம் படித்தவன்தான், அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

"பழைய டியூப் இருந்தா ஒண்ணு குடுப்பா."

"இன்னா டீச்சர், சைக்கிள் வாங்கிட்டீங்களா?"

"சாரோட பெட்டிச் சக்கரத்துக்குச் செருப்பு போடப் போறேன்."

வாஜித் விழுந்து விழுந்து சிரித்தான். டியூபை வளையம் வளையமாக வெட்டியும் கொடுத்தான். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சக்கரத்திலும் வளையத்தை இழுத்து மாட்டினாள். ஹென்றி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சக்கரங்களைத் தடவிப் பார்த்தார்.

"பரவால்லையே! தேஞ்சாலும் டியூப்தானே தேயும். சரி, உருட்டலாம்."

டோரதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை ஹென்றி பெட்டியை மாப்பிள்ளை நடையில் உருட்டிக்கொண்டு கிளம்பினார். நாலு வீடு தாண்டியிருக்க மாட்டார்கள், பெட்டி மடக்கென்று சாய்ந்தது. டியூபில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த சக்கரம்தான் கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து கொட்டியிருந்தது. இத்தனை வருஷம் தரையையே பார்க்காத ரப்பர், இருந்த இடத்திலேயே மக்கிப்போயிருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த வாஜித்துக்குச் சிரிப்பு வந்தது. ஹென்றி சிரிக்கவில்லை. குனிந்து, தோளுக்குத் தூக்கப் பெட்டியின் இரண்டு பக்கமும் கை கொடுத்தார்.

"விடுங்க!" டோரதி போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல்கள் திறந்தன. "பாழாப்போன பெட்டி! அதத் தூக்கி எனக்கு என்ன ஆகப்போவுது? நீங்க இல்லாம நான் எந்த ஊருக்குப் போவேன், சொல்லுங்க!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஹென்றி மெதுவாக நிமிர்ந்தார்.

"சக்கரம் போனது போவட்டும், டோரதி. இந்தப் பொட்டிய எப்ப என்னால தூக்க முடியலையோ, அன்னிக்கு நான் கிழவன்னு வெச்சிருந்தேன். அதான்."

வாஜித் பக்கத்தில் வந்தான். "நகருங்க சார்" என்று பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். ஹென்றி வெறுங்கையோடு நின்றார். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குப் புரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டார், பின்னால் கட்டினார், மறுபடி தொங்கவிட்டார்.

டோரதி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பயணத்தில் அவள் பார்த்ததெல்லாம் முன்னால் போகிற அவர் முதுகைத்தான். பக்கத்தில் நடந்ததே இல்லை. அந்தக் கை சில்லென்று இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தபடி பழைய பழக்கத்தில் எட்டிப் போட்டு நடந்தாள்.

"கொஞ்சம் மெதுவா போலாமா?" என்று கேட்டார் ஹென்றி.