கை உள்ளேதானே இருந்தது

எங்கள் கொட்டகையில் இரண்டு பசுக்கள். நாட்டுப்பசு தன் பாட்டுக்குக் கன்று போட்டுக்கொண்டே இருக்கும். சினையாகிவிட்டால் காளை இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. கலப்பினப் பசு பாலை வாளி வாளியாகக் கொடுக்கும், ஆனால் காளைக்குப் பதிலாகப் போடுகிற சினை ஊசியை எத்தனை தடவை போட்டாலும் சினை நிற்காது. கடைசி ஊசிக்குப் பிறகுதான் பல மாதமாகப் பருவம் வந்து கத்தாமல் இருந்தது. "இந்தத் தடவை நின்னுடுச்சு" என்று என் மனைவி மாட்டின் வயிற்றைத் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சூளையில் செங்கல் சுமந்துவிட்டு வந்தால், வாசலில் ஊசிக்காரரின் வண்டி. கலப்பினம் காலையில் கத்தியதாம், நாட்டுப்பசு மேல் தாவியதாம். அண்ணன் உடனே போன் போட்டுவிட்டார். நாட்டுப்பசு சினையில் கத்தாது, ஆகவே கத்துகிற மாடு சினையில்லை. அண்ணனுக்கு அவ்வளவுதான் கணக்கு.

"சினையா இருக்கும் சார். பாத்துட்டுப் போடுங்க" என்றாள் மனைவி.

"ஏம்மா, மாடே வேணும்னு கத்துது. நீ வேணாங்குற" என்று ஊசிக்காரர் சிரித்தார். அண்ணனும் கூடச் சிரித்தார். ஊசிக்காரரின் இடக்கை முழங்கை வரை மாட்டுக்குள் இருந்தது. வலக்கையால் குழாயைச் செலுத்திவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு என்று பறந்துவிட்டார்.

அந்த வாரமே மாடு மாதம் நிறையாத கன்றை வீசிவிட்டது. மயிர் முளைக்காத, பூனை அளவு உடம்பு. மனைவி அதன்மேல் வைக்கோலைப் போட்டு மூடினாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "மலட்டு மாடுடா இது. தரகர வரச் சொல்லிட்டேன். அடிமாட்டுக்குத்தான் ஆகும்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "மலடு கன்னு போடுமா? இங்க கெடக்கே, இதென்ன தலகாணியா?"

"என்கிட்ட ஏன்டா எகிர்ற? போட்டவரக் கேளு."

கேட்கத்தான் போனேன். சாப்பிட உட்கார்ந்த ஊசிக்காரரை எழுப்பி, அதே வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டு கூட்டிவந்தேன். வைக்கோலை விலக்கிக் காட்டினேன்.

"தானா விழுந்திருக்கும்ப்பா" என்றார். "இந்த மாதிரி மாடுங்க சிலது சினையிலயும் கத்தும்."

"அது தெரிஞ்சுமா போட்டீங்க? சினை மாட்டுக்குள்ள குழாய விட்டா கலஞ்சிடாதா?"

"உங்க அண்ணன் அவசரப்படுத்தினாரு."

"கை உள்ளதானே சார் இருந்துச்சு! இன்னும் கொஞ்சம் நீட்டி, கன்னு இருக்கான்னு தடவிப் பாத்தா தேஞ்சா போயிடும்?"

அவர் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பெல்லாம் நான் கேக்கல. மாடு மலடா இல்லையா? எங்க அண்ணன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"மலடு இல்ல" என்றார், தரையைப் பார்த்து. "நல்ல சினைதான்."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தரகரை வரவேண்டாம் என்று போனில் சொன்னார். பிறகு என்னிடம், "போதுமாடா?" என்றார்.

"போதாது" என்றேன்.

ஊசிக்காரர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். "வயிறு தேறட்டும். மறுபடி பருவத்துக்கு வந்தா கூப்பிடுங்க."

கூப்பிடத்தான் வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அந்த ஆள் ஒருவன்தான்.