ஒன்றேகால் ஏக்கரின் ஓட்டு

சித்தேரிமேட்டில் மானியக் கூட்டம் என்றால் நிலங்கள் நேரில் வரவேண்டும். ஓட்டு நிலத்துக்குத்தான். சொந்தக்காரர் கூட்டிக்கொண்டு வரலாம், ஓரமாக உட்காரலாம், குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது. அதனால் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பூங்காவனம் தன் ஒன்றேகால் ஏக்கரைக் கிழக்கு வரப்பிலிருந்து சுருட்டத் தொடங்கினாள். வேர்க்கடலை பூவெடுத்திருந்த நேரம். பூ உதிராமல் சுருட்ட ஒரு பக்குவம் வேண்டும், அது அவளுக்குக் கைவந்திருந்தது. கிணற்றுக்கும் மோட்டாருக்கும் ஓட்டு கிடையாது. அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சும்மாடு கட்டி நிலத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

இந்தத் தடவை ஊருக்கு ஒரே ஒரு மானியம்தான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தார்ச்சாலை, மோட்டாருக்குக் கூடுதல் கரண்ட், உரம். மூன்றில் எது என்று நிலங்களே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியது. பூங்காவனத்துக்குக் கரண்ட்தான் வேண்டும். பத்து நாளுக்குள் இரண்டு தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பூவிலிருந்து விழுது இறங்காது. விழுது இறங்காவிட்டால் காய் இல்லை. காய் இல்லையென்றால் இந்த வருஷம் அவள் கதை அவ்வளவுதான்.

ஆனால் நிலத்தின் போக்கு ஒரு வாரமாகவே சரியில்லை. வடக்கு மூலையில் தார் வாடை அடித்தது. சாலை போடுகிற காண்டிராக்டர் குப்புலிங்கத்தின் செருப்புத் தடம் வரப்போடு வந்து, நடுவயலில் வெகுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போன மாதிரி பதிந்திருந்தது. மண்வெட்டியை வைத்தால் பொலபொலவென்று கொடுக்கிற மண், இப்போது வாயை இறுக்கிக்கொண்டது. நடந்துகொண்டே, யார் வந்துவிட்டுப் போனது என்று இரண்டு தரம் கேட்டாள். தலைமேலிருந்த நிலம் தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிவிட்டு நிலங்களை வரிசையாக விரித்திருந்தார்கள். பக்கத்துக் காட்டு ஏகாம்பரத்தின் தென்னந்தோப்புக்கு மட்டும் பந்திக் கூடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்காக மின்விசிறிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. கூட்டத்தை நடத்த வந்த அலுவலர் தெய்வநாயகம் விதிகளைப் படித்துவிட்டு, காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தென்னந்தோப்பு கரண்ட் கேட்டுப் பிரமாதமாகப் பேசியது. ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சை ஒன்று எழுந்து, கரண்ட்டைச் சும்மா கொடுத்துக் கொடுத்துத்தான் ஊரில் அத்தனை பேரும் பூமியை உறிஞ்சித் தள்ளிவிட்டார்கள், சாலை என்றால் விளைந்ததையாவது வெளியே கொண்டுபோகலாம் என்றது. ஓடைக்கரைத் தரிசுக்கு உரம் வேண்டுமாம். ஒன்பது வருஷமாகத் தன்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, உரப் பட்டியலிலாவது தன் பெயர் வரட்டும் என்று அது சொன்னபோது இரண்டொரு புஞ்சைகள் கண்கலங்கின. இருந்தாலும் ஓட்டெடுப்பில் உரத்துக்குக் கை தூக்கியது தரிசு மட்டும்தான். கரண்ட்டுக்கு ஒன்பது. சாலைக்கு ஒன்பது. பாக்கி இருந்தது பூங்காவனத்தின் நிலம்.

அது வடக்கு மூலையைத் தூக்கியது. சாலை.

விதியாவது ஒன்றாவது என்று பூங்காவனம் எழுந்துவிட்டாள்.

"எவன்கிட்ட வாங்கித் தின்னே?"

தெய்வநாயகம் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். நிலம் அன்றைக்கு முதல்முறையாகப் பேசியது.

"கெணத்துல தண்ணி முடிஞ்சிடுச்சும்மா. அடியில கெடக்கிற எனக்குத் தெரியாதா? கரண்ட்டு வந்தா மோட்டாரு காத்தைத்தான் இழுக்கும். ரோடு வந்தா, தண்ணி இருக்கிற எடத்துக்கு நானே போயிடுவேன்."

அவள் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. வாய் கூசாமல் பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீம்புக்குக் கரடுமுரடாகச் சுருட்டினாள். நாலைந்து பூக்கள் மண்டபத்திலேயே உதிர்ந்தன. காட்டுக்கு வந்து நிலத்தை விரித்த கையோடு மோட்டாரைப் போட்டாள். கொஞ்ச நேரம் தண்ணீர் வந்தது. பிறகு இருமியது. பிறகு குழாயிலிருந்து வெறும் காற்று வந்து அவள் முகத்தில் அடித்தது. அப்போதும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. தான் சொன்னது பலிக்க வேண்டுமென்று நிலமே அடிவழியாகக் குடித்திருக்கும் என்று தோன்றியது. ஒரு கல்லை எடுத்துக் கிணற்றில் போட்டாள். கல், கல்மேல் விழுகிற சத்தம் கேட்டது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதாள்.

வியாழக்கிழமை சாலை வந்தது. வெள்ளிக்கிழமை அதன்மேல் பஸ் வந்தது. வேறு வழியில்லாமல் பூங்காவனம் மறுபடி நிலத்தைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள். பூ இருக்கிற நிலம் என்றால் ஜன்னலோரம்தான் வைக்க வேண்டும் என்று கண்டக்டர் ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தார். வழி நெடுக அவள் வடக்கு மூலையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். குப்புலிங்கம் எங்கேயாவது நின்று கை காட்டினால் இது இறங்கிப் போனாலும் போகும். நிலம் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. இலைகள் ஓரத்தில் சுருளத் தொடங்கியிருந்தன. முந்தானையால் வெயிலை மறைத்தாள்.

ஆற்றங்கரை நிறுத்தத்தில் இறங்கியபோது ஆறு இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மணல்தான் கிடந்தது. குடை பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் போய், ஆறு எங்கே என்று கேட்டாள்.

"கூட்டத்துக்குப் போயிருக்கும்மா," என்றார் அவர். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடும்."

அவளுக்கு முன்னால் பதினோரு வயல்கள் காத்திருந்தன. பூங்காவனம் பன்னிரண்டாவதாகத் தன் நிலத்தை மணலில் விரித்து, காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.