உள்ளே வரும் வழி

மராட்டிய மாநிலத்தின் ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஸ்டெல்லா, விடுமுறை நாட்களில் ஓர் இணையதளத்தைக் கவனித்துவந்தாள். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடிக்கொள்ளும் தளம் அது. முன்பு கொடையாளர்களின் போன் எண்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன. கண்டவர்கள் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ததில் பலர் விலகிப்போனார்கள். அதன் பிறகுதான் பாஸ்வேர்ட் போட்டு நுழையும் ஏற்பாடு வந்தது. அந்தப் பொறுப்பை ஒரு வெளி நிறுவனத்தின் சேவையிடம் விட்டிருந்தார்கள். இந்த மாதக் கடைசியோடு சேவையை மூடுவதாக அந்த நிறுவனம் மெயில் அனுப்பிவிட்டது.

"வேற கம்பெனி பாத்து மாத்திர வேண்டியதுதான?" என்றான் கணவன் ஜெபகுமார்.

"அவனும் நாளைக்கு மூட மாட்டான்னு என்ன நிச்சயம்? நம்ம சர்வர்லயே வச்சிக்கிடுவோம்."

அதற்கென்றே ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்று இருந்தது. யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. சனிக்கிழமை காலையில் அதை நிறுவினாள். பெற்றோரின் கணக்குகளை ஏற்றினாள். எல்லாம் சரியாகத் தெரிந்தது. மதியத்துக்குள் போன் வந்தது.

"தங்கச்சி, பாஸ்வேர்ட் சரியாத்தான் போடறேன். திருப்பித் திருப்பி அதே பேஜுக்கு வந்து நிக்குது" என்றார் பத்மநாபன். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை; மகள் தீபாவுக்குத் தலசீமியா. "வர்ற மங்கள்வார் தீபாவுக்கு பிளட் ஏத்தணும். எப்பவும் குடுக்கிறவருக்குக் காய்ச்சல்."

"அண்ணே, நீங்க பதறாதீங்க. ஆளை நான் பாக்கேன்."

அவளே சர்வரில் எண்களைத் தேடிக் கூப்பிட்டாள். மகர்பட்டாவிலிருந்து ஒருவர் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாளே வந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் தளத்தின் கதவு திறக்கவில்லை. சாயந்திரம்வரை முட்டிப் பார்த்துவிட்டு, அந்த மென்பொருளின் இணைய மன்றத்தில் தன் சிக்கலை எழுதிப் போட்டாள்.

ஞாயிறு கோவில் ஆராதனை முடிந்து வந்தபோது பதில் காத்திருந்தது. எழுதியவள் பெயர் மார்த்தா, எந்த நாடோ தெரியவில்லை. ஸ்டெல்லாவின் அமைப்புகளை வரி வரியாகப் படித்திருந்தாள். வெளியிலிருந்து வரும் பாதுகாப்பான இணைப்பை முன்னால் நிற்கும் மென்பொருள் வாங்கி, உள்ளே சாதாரண இணைப்பாகக் கொடுக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் நுழைவு மென்பொருள் 'இது பாதுகாப்பில்லை' என்று நினைத்து அனுமதிச் சீட்டைத் தர மறுக்கிறது. சேர்க்க வேண்டியது, வந்தது பாதுகாப்பான இணைப்புதான் என்று உள்ளே சொல்லும் ஒரே ஒரு வரி. அதையும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஸ்டெல்லா சேர்த்தாள். பத்மநாபனைக் கூப்பிட்டாள்.

"வந்துடுச்சு, தங்கச்சி! எல்லாம் தெரியுது!"

முன்பின் தெரியாத ஒருத்தி தன் ஞாயிற்றுக்கிழமையை இதற்காகச் செலவழித்திருக்கிறாள். ஸ்டெல்லா நன்றி எழுதிவிட்டு, பதிலுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நுழைவுப் பக்கத்துக்கு மராத்தி இல்லை, மொழிபெயர்க்க முடியுமா என்று மார்த்தா கேட்டாள்.

ஸ்டெல்லாவுக்கு மராத்தி பேசத்தான் வரும். பத்மநாபனிடம் சொன்னதும், "நம்ம தீபா காலேஜ்ல மராத்தி இலக்கியம்தானே படிக்கிறா" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா லீவு போட்டு மருத்துவமனைக்குப் போனாள். தீபாவின் இடது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைக் கட்டிலின் ஓரம் வைத்து ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தாள்.

"பாஸ்வேர்ட் மறந்துட்டீங்களான்னு எப்படிக் கேக்க?"

"'பாஸ்வர்ட் விஸர்லாத் கா?' போதும் அக்கா. ரொம்ப சுத்தமா எழுதினா எங்கம்மாவுக்கே புரியாது."

ஒரு வார்த்தைக்கு இருவரும் சண்டை போட்டார்கள். நர்ஸ் வந்து தீர்த்துவைத்தாள். ரத்தப் பை தீர்வதற்குள் பக்கம் முடிந்தது.

அந்த வாரமே மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். பங்களித்தவர்கள் வரிசையில் தீபாவின் பெயரும் இருந்தது. ஸ்டெல்லா அனுப்பிய படத்தைப் பார்த்து அவள் உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, பிறந்ததுலேருந்து தெரியாதவங்ககிட்ட வாங்கிட்டே இருக்கேன். தெரியாதவங்களுக்கு நான் குடுத்தது இதுதான் ஃபர்ஸ்ட்."

தீபாவே தொடர்ந்து கேட்டாள்: "வேற பேஜ் ஏதாவது பாக்கி இருக்கா?"