சாம்பியனின் பல்வலி

செஸ் பட்டப் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது சாம்பியனின் பல்வலி அத்தானுக்கு வந்தது. பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லும் கல்லு மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் அத்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சாம்பியன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதாகப் பேப்பரில் செய்தி வந்தபோது அவருக்கு வலி விட்டிருந்தது.

பட்டத்துக்கு மோதப்போகிறவன் அத்தானின் மைத்துனன். அதிகம் பேசாமல் உருட்டி உருட்டி விழிப்பதால் செஸ் ஆடுகிறவர்கள் அவனுக்குக் கோட்டான் என்று பேர் வைத்திருந்தார்கள். பெரிய போட்டிக்குத் தயாராகிறவர்கள், எதிராளி மாதிரியே ஆடக்கூடிய ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பழகுவது உண்டு. அத்தானும் ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைப்பைப் பார்க்கப் போனவர். மைத்துனன் கேட்டதும் கடையைத் தன் மனைவியான கோட்டானின் அக்காவிடம் விட்டுவிட்டு, பயிற்சிக்கென்று பிடித்திருந்த வாடகை வீட்டு மாடிக்கு வந்து, சாம்பியனின் ஆட்டங்களையெல்லாம் மனப்பாடம் செய்து, அவரைப் போலவே கன்னத்தில் கை வைத்து, அவரைப் போலவே வெட்டிய காய்களை வரிசையாக அடுக்கி ஆடினார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். பல்வலியை அடுத்து சாம்பியனின் சளி வந்தது, முதுகுப் பிடிப்பு வந்தது. இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டால் அத்தானுக்குக் காதுமடல் சிவந்து வியர்த்துக் கொட்டியது. கோட்டானின் பயிற்சியாளர் துள்ளிக் குதித்தார். எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாததை அத்தானின் காது சொல்லிவிட்டது. ராணி இல்லாத பலகையைக் கண்டால் சாம்பியனுக்கு உதறல்.

அக்கா ஒருநாள் பார்க்க வந்தாள். "போதும்டா. என் வீட்டுக்காரரை எனக்கே அடையாளம் தெரியலை. அனுப்பிவிடு" என்றாள்.

"போட்டி முடியட்டும்க்கா" என்றான் கோட்டான். அன்றே அனுப்பியிருக்கலாம், மனசு வரவில்லை.

போட்டியின் கடைசி ஆட்டம் வரைக்கும் கோட்டானும் சாம்பியனும் சமமாக இருந்தார்கள். அன்று காலை ஹோட்டல் அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அத்தான், "அம்மா போயிட்டாங்க" என்று தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பதறிப்போய் அவருடைய அம்மாவுக்கு ஃபோன் போட்டார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்த அம்மா, வேலை நேரத்தில் என்ன விளையாட்டு என்று திட்டிவிட்டு வைத்தாள். போனது யாருடைய அம்மா என்று அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் முடிகிறவரை சாம்பியனின் காதுக்குப் போகாமல் அவருடைய ஆட்கள் செய்தியை அமுக்கி வைத்திருந்தார்கள்.

"வாயைத் திறக்காதே" என்றார் பயிற்சியாளர். "சொன்னா, ஆளை உடைக்கத்தான் சொன்னேன்னு பேசுவாங்க."

அது நியாயமான பேச்சுதான். நியாயம் தன் பக்கம் இத்தனை வசதியாக வந்து உட்கார்ந்ததுதான் கோட்டானை உறுத்தியது. உறுத்தலோடு போய் ராணிகளை வெட்டினான். எதிரே காதுமடல் சிவந்தது. சாயங்காலம் சாம்பியன் தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்து கை கொடுத்தார்.

"நல்லா ஆடினீங்க. எங்கம்மாவுக்கு உங்க ஆட்டம்னா ரொம்பப் பிடிக்கும். ஃபோன் போட்டுச் சொல்லணும்."

"சொல்லுங்க" என்றான் கோட்டான்.

சாம்பியன் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பட்டம் கோட்டானுக்கு வந்தது. அத்தானுக்குத் தன் உடம்பு திரும்பி வரவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ இருக்கிற மனிதனின் அழுகை வந்து போகும். வாடிக்கையாளர்கள் பழகிக்கொண்டார்கள். கோட்டானால்தான் பழக முடியவில்லை. "சொல்லுங்க" என்ற ஒரு சொல் சோற்றில் கிடக்கும் கல்லாக அவனுக்கு ஒவ்வொரு வாயிலும் அகப்பட்டது. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரயிலேறிப் போய், பழைய சாம்பியன் வீட்டு வாசலில் நின்று, அன்று தனக்குத் தெரியும் என்பதைச் சொன்னான். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாமல் கோட்டான் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முஷ்டியாக இறுகியிருந்தன.

"நேத்து சாயங்காலம் இப்படி ஆச்சு. பிரிக்கவே முடியலை. என்னடா பண்ணிட்டு வந்தே?" என்றாள் அக்கா.

அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தவில்லை. "அப்ப இவருக்குச் சட்டை நீதான் வந்து போட்டுவிடணும்" என்றாள்.

வெந்நீர் ஒத்தடத்துக்கும் எண்ணெய்க்கும் டாக்டருக்கும் அந்த விரல்கள் மசியவில்லை. இடையில் கோட்டான் ஒருமுறை பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டான். அதற்கான பயிற்சியில் இரண்டு பக்கக் காய்களையும் அவனே நகர்த்தினான். ஊரில் இருக்கிற நாளெல்லாம் காலையில் வந்து அத்தானுக்குத் தலை சீவி, சட்டை மாட்டிவிடுகிறான். கழுத்துப் பொத்தான் போட வசதியாக அத்தான் முகவாயைத் தூக்கிக் கொடுத்து, சீக்கிரம், கடை திறக்கணும் என்பார். சில நாள் வலது கட்டைவிரல் கொஞ்சம் தளர்ந்த மாதிரி தெரியும். கோட்டான் அதைத் தொட்டுப் பார்ப்பான். இறுக்கமாகத்தான் இருக்கும். அடுத்த பொத்தானுக்குப் போவான்.