பதினைந்து சரிகள்

ஐந்தாம் நாளும் கோணேசனின் தட்டு போனபடியே திரும்பி வந்தது. அவித்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு மீன். சமையலறையில் வேலை செய்யும் சுபாஜினி அதை வாளியில் கொட்டிவிட்டுப் பதிவுத்தாளை எடுத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டே பெட்டிகள்: 'சாப்பிட்டார்', 'மறுத்தார்'. கந்தசஷ்டி விரதத்துக்கு டென்மார்க்கில் யார் பெட்டி போடப் போகிறார்கள்? 'சாப்பிட்டார்' என்பதில் சரி போட்டாள்.

நாடுகடத்தப்படவிருப்போரை அடைத்து வைக்க ஓல்போர்க்குக்குத் தெற்கே இருந்த அந்தத் தடுப்பு முகாமை ஒரு தனியார் கம்பனி ஏலத்தில் எடுத்து நடத்தியது. காவலும் சமையலும் கம்பனியுடையவை. தாதிகூட அதன் ஆள்தான். மூன்று வேளை 'மறுத்தார்' என்று விழுந்தால் தனியறையில் அடைப்பார்கள், தொலைபேசியும் பறிபோகும். பிராண்டேயில் இருக்கும் மகள் சாரங்கியோடு தினமும் பத்து நிமிடம் பேசுவதில்தான் கோணேசன் உயிரை வைத்திருந்தான்.

முதல் நாளே கெஞ்சியிருந்தான். "அக்கா, மறுத்ததெண்டு மட்டும் போட்டிடாதேங்கோ. வாற கிழமை வியாழன் அப்பீல் முடிவு வருகுது. அதுவரைக்கும் இந்த நாட்டிலை நிண்டாக் காணும். அதுக்குத்தான் முருகனைப் பிடிச்சிருக்கிறன்."

"போடமாட்டன் தம்பி. பின்னேரத்திலை பாலும் பழமும் எடுத்து வைக்கிறன்."

புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்தாள்.

திங்கட்கிழமை, ஆறாம் நாள் காலை, சாப்பாட்டுக்கூட வாசலில் கோணேசன் சரிந்து விழுந்தான். சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. சுபாஜினி ஓடிப்போய்த் தலையைத் தாங்கினாள்.

"சீனிக் குளிசை... வெறும் வயித்திலை போட்டனான்..."

நீரிழிவு மாத்திரை! "சீனி வருத்தமோ உமக்கு? முதலே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விரதத்தை விடச் சொல்லியிருப்பியள்."

"குடியும் இதை! முருகன் கோவிக்கமாட்டார்." சீனித் தண்ணீரை வாயில் ஊற்றினாள்.

மேற்பார்வையாளன் ஸ்ரான்லி வந்து நின்றான். மட்டக்களப்பிலிருந்து தகப்பனின் தோளில் அகதியாக வந்த பிள்ளை. இன்று கம்பனி ஜாக்கெட்டில் மிடுக்காக இருந்தான்.

"தாதி பாத்திட்டா அக்கா. பறக்கலாமெண்டு கையெழுத்தும் போட்டாச்சு. ரெண்டு மணிக்கு பிளேன்."

"எங்கை பாத்தவ? அவ இந்தப் பக்கம் வரவே இல்லையே!"

"கொம்பியூட்டரிலை பாத்தவ. பதினைஞ்சு வேளையும் வடிவாச் சாப்பிட்டிருக்கிறாராம். இது நடிப்பாம்."

"அந்தப் பதினைஞ்சு சரியும் நான் போட்ட பொய், தம்பி. அஞ்சு நாளா ஆள் பாலிலையும் பழத்திலையும் நிக்கிறார்."

ஸ்ரான்லி குரலைத் தாழ்த்தினான். "வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. உங்கடை வேலை போயிடும். ஆள் ஏறாட்டில் கம்பனிக்குத் தண்டம், எனக்கு ஏச்சு."

"அண்டைக்கு உம்மடை அப்பாவை ஆரும் இப்பிடித் தூக்கிப் பிளேனிலை ஏத்தியிருந்தால், இந்த ஜாக்கெட்டை இண்டைக்கு ஆர் போட்டிருப்பினம்?"

சுபாஜினி சமையலறைத் தொலைபேசியை எடுத்து அவசர எண் 112ஐ அழுத்தினாள். நல்ல காலம், அம்புலன்ஸ் இன்னும் கம்பனிக்குச் சொந்தமில்லை.

வந்தவர்கள் இரத்தத்தில் சீனியைச் சோதித்தார்கள். "இவர் பறக்கலாமென்று சொன்னது யார்?" என்று கேட்டார்கள். கோணேசன் மருத்துவமனைக்குப் போனான். இரண்டு மணி விமானம் அவனில்லாமல் போனது. சுபாஜினியின் கதவு திறக்கும் அட்டையை ஸ்ரான்லி அங்கேயே வாங்கிக்கொண்டான்.

அத்தோடு விட்டார்களா? மறுநாள் மத்தியானம் கோணேசனை முகாமுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவன் மனைவி கிருசாந்தி, ஸ்கீவ நகரில் தன் வீட்டிலிருந்த சுபாஜினிக்குப் போன் எடுத்து அழுதாள்.

"நாளைக்கே ஏத்தப் போகினமாம் அக்கா. ஒருநாள் மயக்கம்தானாம், மற்றப்படி ஆள் நல்லாச் சாப்பிட்டவராம். அந்தப் பதிவு பொய்யெண்டு எழுத்திலை காட்டினால் நிப்பாட்டலாம் எண்டு லோயர் சொல்லுறா. நீங்கள் சொல்லுறதைக் கம்பனி ஏற்குதில்லை. நீங்கள் இரக்கத்திலை கதை கட்டுறியளாம்."

நல்ல நியாயம் என்று சுபாஜினி நினைத்தாள். பார்க்காமலே கையெழுத்துப் போட்ட தாதி சொல்வது உண்மை. தட்டைக் கையால் கொட்டியவள் சொல்வது கதை!

அன்று மாலை அவளுடைய இ-பொக்ஸ் என்ற இணைய அஞ்சல்பெட்டியில் கம்பனியின் கடிதம் வந்து விழுந்தது. வேலைநீக்கம். காரணத்தைப் படித்தவள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்: 'கோணேசன் உண்ணாத பதினைந்து வேளைகளை உண்டதாகப் பொய்யாகப் பதிந்தமை.' கீழே முத்திரை, இயக்குநரின் கையெழுத்து.

உடனே கிருசாந்தியை அழைத்தாள். "பிள்ளை, அழுகையை நிப்பாட்டிப்போட்டு லோயரின்ரை மெயிலைச் சொல்லும். எழுத்திலை கேட்டவையெல்லே, அவங்களே எழுதித் தந்திருக்கிறாங்கள்."

புதன்கிழமை விமானமும் அவனில்லாமல் போனது. பின்னேரம் ஸ்ரான்லி போனில் வந்தான்.

"அக்கா, அந்தக் கடிதம் பிழையா வந்திட்டுதாம். அழிச்சுவிடச் சொல்லுகினம்."

"அப்ப கோணேசன் சாப்பிட்டவரோ, சாப்பிடேல்லையோ?"

"அதை விடுங்கோ அக்கா. கடிதத்தை அழிச்சால் காணும்."

"கம்பனி முதல் ஒரு முடிவுக்கு வரட்டும், தம்பி. பிறகு அழிக்கிறதைப் பற்றிக் கதைப்பம்."