இரண்டுக்கும் கீழே

"தலைய ஆட்டாதடா, காது போயிடும்," என்றான் ஈவோ.

"போனா போகுது. இனிமே யார் பேச்சக் கேக்கப் போறேன்," என்றான் கிளெம். கண்ணைத் திறக்கவில்லை. பாதிச் சொற்கள் உதட்டிலேயே நின்றுவிட்டன.

நோரீன் வெந்நீர்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கட்டிலருகே நின்றாள். சோபாவை நகர்த்திவிட்டு, முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். படுத்திருப்பவன் அவளுடைய முதல் புருஷன். அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருப்பவன் இப்போதைய புருஷன். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே சூரை மீன் படகில் வேலை பார்த்தவர்கள். அவள் ஒருவனை விட்டு இன்னொருவனிடம் போனபோது போர்ட் லிங்கன் முழுக்க அதையே பேசித் தீர்த்தது. அதே ஊர்தான் இப்போது சமைத்த பாத்திரங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறது.

இந்த வருஷம் ஜனவரிக் கோடை வெயிலில் கிளெம் இந்த வாசலில்தான் வந்து நின்றான். டம்பி பே என்ற பக்கத்து ஊரில் தனியாக இருந்தவன். வருஷத்துக்கு ஒருமுறை கடையில் பார்த்தால் தலையசைப்பான், அவ்வளவுதான்.

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே, என்ன ஆச்சு?"

"கணையத்துல கட்டியாம். ஆஸ்பத்திரியில நெருங்கின உறவு யாருன்னு கேட்டாங்க. உன் பேரக் குடுத்துட்டேன்."

"இத்தன வருஷம் கழிச்சா?"

"வேற யார் போன் நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்ல, நோரீன்."

அவள் ஈவோவைத் திரும்பிப் பார்த்தாள். ஈவோ எழுந்துபோய் இன்னொரு கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவளுடைய கார்தான். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தம் எடுப்பார்கள். அணுக்கள், ஈரல், உப்பு என்று வரிசையாக எண்கள் வரும். கடைசியில் புற்றுநோய்க்கென்று ஒரு எண். கட்டி வளர்ந்தால் அது ஏறும், மருந்து வேலை செய்தால் இறங்கும். முப்பத்தேழு வரை இருக்கலாம் என்றார்கள். கிளெமுக்கு முதல் தடவையே இரண்டுக்கும் கீழே என்று வந்தது.

நோரீன் அன்றைக்கே இறைச்சிக் கடைக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் அடிலெய்டிலிருந்து திரையில் பேசிய டாக்டர் பொறுமையாக விளக்கினாள். "சில பேர் ரத்தத்துக்கு அந்தப் பொருளச் செய்யவே தெரியாது, நோரீன். பொறப்புலயே அப்படி. நூறு பேர்ல அஞ்சு பத்து பேர் இருப்பாங்க. கிளெம் அதுல ஒருத்தர்னுதான் தோணுது. அவர் விஷயத்துல இந்த எண் நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது. ஸ்கேனத்தான் நம்பணும்."

காரில் ஏறியதும் நோரீன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "உன்னோட அவ்ளோ வருஷம் குடும்பம் நடத்தினேன். நீ வாயத் தொறந்து மனசுல இருக்கறத ஒரு நாள் சொன்னதில்ல. ரத்தமும் அப்படியேதான் இருக்கு."

கிளெம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சிரிக்க வெக்காத, வலிக்குது," என்றான்.

அவளும் சிரித்தாள். ஆனால் அந்த எண்ணை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் மற்ற எண்களோடு அதுவும் வந்தது. அவள் கண் முதலில் அங்கேதான் போகும். டார்வினிலிருந்து, அவளுக்கும் கிளெமுக்கும் பிறந்த மகள் லியான் போன் செய்தால், "இன்னும் ரெண்டுக்குக் கீழதான்," என்பாள். "அப்ப கிறிஸ்துமஸுக்கு வந்தா போதுமாம்மா?" என்று லியான் கேட்டபோது, "போதும்," என்றாள். கிளெம் எதிர் நாற்காலியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். திருத்தவில்லை.

கீமோ அறையில் பக்கத்து நாற்காலி குவெண்டாவுடையது. அவளுக்கும் அதே நோய். ஒருநாள் அவளுடைய எண் தொள்ளாயிரத்திலிருந்து அறுபதுக்கு இறங்கியிருந்தது. நர்ஸ்கள் கை தட்டினார்கள். குவெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"உன்னோடது எப்படி, கிளெம்?"

"இறங்கிட்டே இருக்கு."

வெளியே வந்ததும் நோரீன் கேட்டாள். "எதுக்கு அவகிட்ட பொய் சொன்ன?"

"அவ்ளோ சந்தோஷத்த வெச்சுக்கிட்டு அவ ஒத்தையா நிக்கணுமா?"

அது அவளுக்குப் புதிதாக இருந்தது. இப்படிப் பேசுகிறவன் அன்றைக்கு எங்கே இருந்தான் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே ஓட்டினாள்.

செப்டம்பர் ஸ்கேனில் ஈரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. வேறு மருந்து முயன்று பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றாள் டாக்டர். மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள்.

"வேற மருந்த ஆரம்பிச்சுடலாம்," என்றாள் நோரீன். "ரத்தத்துல இன்னும் ரெண்டுக்குக் கீழதானே இருக்கு."

அதுவரை இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாத ஈவோ வாயைத் திறந்தான். "நோரீன், அவன் பெல்ட்டப் பாரு."

பார்த்தாள். ஆணி வைத்து அடித்த புது ஓட்டைகள். வால் பக்கம் இடுப்பை முக்கால் சுற்றுச் சுற்றிப் போயிருந்தது. எத்தனையோ நாளாகக் காரில் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போனவள்தான்; இதைப் பார்க்கவில்லை.

"எனக்குப் போதும்," என்றான் கிளெம். "சாப்பிடறது கொஞ்சம் ருசிச்சாலே நல்லது."

"அப்ப ரத்த டெஸ்ட்?"

"ரத்தம் என்கிட்டயே இருக்கட்டும்."

அதற்கப்புறம் டம்பி பே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம், இங்கேயே இரு என்று சொன்னதும் ஈவோதான்.

அந்த ஈவோ இப்போது ஈரத் துணியால் கிளெமின் கன்னத்தைத் துடைத்தான். தாடையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். "கல்யாண மாப்பிள மாதிரி இருக்கடா," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

"லியான் எப்ப வர்றா?" என்றான் கிளெம்.

"சாயங்காலம் பிளேன். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்." நோரீன் போர்வையின் ஓரத்தை நீவினாள். "ஜூலைக் குளிர்லயே வர்றேன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

தூங்கிவிட்டான் என்று நினைத்தாள்.

"நீ அந்த எண்ணச் சொல்லும்போது," என்றான் கிளெம், "உன் மூஞ்சி நல்லா இருக்கும்."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. மூச்சு நீண்டு, நின்று, மறுபடி வந்தது. மத்தியானம் அவள் கொடியில் துண்டுகளைக் காயப்போட்டுவிட்டு வந்தபோது ஈவோ கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சிலுவைக் குறி போட்டுவிட்டு, தான் பிறந்த நாட்டு மொழியில் ஏதோ முணுமுணுத்தான். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டான்.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். சவ அடக்கக்காரர்களிடம் ராத்திரி வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். லியான் பார்க்க வேண்டும்.

"நீ போய்ட்டு வா," என்றான் ஈவோ. "நான் இவன்கூட இருக்கேன்." நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். செய்தித்தாளில் மீன் வரத்துப் பக்கத்தைப் பிரித்துச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தான்.

விமான நிலையத்தில் லியான் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பெட்டி எடுக்கப் போனார்கள்.

"எப்பம்மா?"

"மத்தியானம்."

"வலிச்சுதா?"

"இல்ல. ஈவோ காலைல ஷேவ் பண்ணிவிட்டான். ரெண்டு பேரும் கிண்டல் பேசிக்கிட்டு இருந்தாங்க."

நோரீன் பெட்டியை வாங்கிக்கொண்டாள். காரில் ஏறி, நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் லியான் மறுபடி பேசினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எண் நல்லா இருக்குன்னு சொன்னியேம்மா."

"எண் நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணு."

லியான் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி இருக்கையில் வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த கோதுமைத் தாள். முன்னால் ஒரு தானிய லாரி துறைமுகத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாயின் விளிம்பிலிருந்து மணிகள் உதிர்ந்து கண்ணாடியில் பொட்டுப் பொட்டென்று பட்டன. எதிரே சாலை காலியாக நீண்டு கிடந்தது. முந்தலாம் என்று லாரிக்காரன் விளக்கைப் போட்டுக் காட்டினான்.

நோரீன் முந்தவில்லை. அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.